பாணமையில் நின்ற வான்

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் உகந்தை முருகனைப் பார்க்கப் போன எங்களைப் பாணமையில் இறக்கிவிட்டது வான் வண்டியின் பஞ்சரான டயர்தான்.

ஆடிவேல் காலம். விடியமுன் கல்லடியில் ஏறி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று அரோகரா போட்டுக்கொண்டே வந்தோம். இந்த வீதியில் கண்ணை மூடியிருந்தாலும், பாங்குச் சத்தத்தையும் கோயில் மணியையும் வைத்தே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். யாருக்கு வாக்கு விழும் என்பதையும் ஏறக்குறையச் சொல்லலாம். முஸ்லிம் காங்கிரஸ் கட்சி 1981இல் பிறந்தது காத்தான்குடியில்தான். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. திருவிழா மேடையிலேயே வேட்பாளருக்குப் பொன்னாடை போர்த்துகிறவர்கள்.

பாணமை சிங்களமும் தமிழும் கலந்த பழைய ஊர். தேநீர்க் கடையில் இருந்த சிங்கள அம்மா தமிழிலேயே பேசினார்.

"தம்பி, உங்கட கண்ணகியும் எங்கட பத்தினியும் ஒண்டுதானே?"

அங்கே பத்தினிக்கு 'அங்கெலிய' நடக்கும். கொம்பைக் கொம்பில் மாட்டி இழுக்கும் அதே விளையாட்டுக்கு எங்கள் பக்கம் கொம்புமுறி என்று பெயர். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. எங்கள் வீட்டில் அப்பாவின் ஆட்கள் வடசேரி, அம்மாவின் ஆட்கள் தென்சேரி. வசைப் பாட்டெல்லாம் பாடி முடித்து, அப்புறம் ஒரே வீட்டில்தான் சாப்பாடு.

நாட்டு அரசியலில் அந்தச் சாப்பாடு இல்லை. 1956 தேர்தலில் பண்டாரநாயக்கா வென்று பிரதமராக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர்கள் பிக்குமார். தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு அவர் செய்த ஒப்பந்தத்தை 1958இல் கிழிக்கவைத்ததும் பிக்குமாரின் எதிர்ப்புத்தான். அடுத்த வருடம் அவரைச் சுட்டவரும் ஒரு பிக்கு. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது; 1978இலும் அது மாறவில்லை. மற்ற மதங்களுக்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது, சரி. ஆனால் பத்தினியாக வந்தால் பௌத்தத்தின் திண்ணையில் இடமுண்டு. கண்ணகியாக வந்தால் படலைக்கு வெளியே நிற்கவேண்டும். எனக்கு அப்படித்தான் படுகிறது.

புறப்படும்போது அந்த அம்மா ஒரு காசை வெள்ளைத் துணியில் முடிந்து தந்தார். என் மடியில் மனைவி முடிந்த மஞ்சள் துணி ஏற்கெனவே இருந்தது.

உகந்தையில் நல்ல சனம். காட்டுப் பாதையால் கதிர்காமம் நடக்கிறவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கடற்காற்றில் திருநீறு நெற்றியில் நிற்கவில்லை. உண்டியல் வாய் ஒடுக்கம். இரண்டு முடிச்சையும் ஒன்றாகப் போடப் பார்த்தேன், சிக்கிக்கொண்டன. பின்னால் நின்றவர் "சாமி, கெதியாப் போடுங்கோ" என்றார். விரலால் தள்ளிவிட்டேன்.