மருந்துக்குத் தப்பிய செல்கள்

கீமோதெரபி மருந்து போட்ட வளர்ப்புத் தட்டில் பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் செத்து மிதக்கும். அடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் செல்கள் மட்டும் மிச்சம் இருக்கும். உருவம் மாறி, உள்ளே குமிழ்கள் நிறைந்து, பிரியாமல் கிடக்கும். என் வேலை முழுக்க அந்தக் கொஞ்சம் செல்களைப் பற்றியதுதான். மருந்தைக் கழுவிவிட்டுப் புது மீடியம், அதாவது செல் வளர்க்கும் ஊட்டக் கரைசல், ஊற்றி வைத்தால் அவற்றில் சில மறுபடி பிரியத் தொடங்கிவிடும். சிகிச்சை முடிந்தபின் நோய் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு நான் ஏன் இவற்றை விடாமல் கவனிக்கிறேன் என்று விளக்கத் தேவையில்லை.

அவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? ஒரு முக்கியமான பதில் ஆட்டோபேஜி. பழுதான மைட்டோகாண்ட்ரியா, மடிப்புக் குலைந்து திரண்டுபோன புரதங்கள் எல்லாவற்றையும் செல் ஓர் இரட்டைச் சவ்வுப் பைக்குள் அடைத்து, லைசோசோம் என்ற அமிலம் நிறைந்த செரிமானப் பையிடம் சேர்த்துச் சிதைக்கிறது. அதில் கிடைக்கும் அமினோ அமிலங்களையும் கொழுப்பையும் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறது. இதை நடத்தும் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்ததற்காகத்தான் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தால் அடிபட்ட செல்லுக்குள் பழுது குவியும்போது இந்த வேலையும் வேகமெடுப்பது இயல்புதான்.

சிக்கல் அதை அளப்பதில் இருக்கிறது. பை உருவாகும்போது எல்சி3 என்ற புரதத்தோடு ஒரு கொழுப்பு மூலக்கூறு இணையும். இணைந்த வடிவம், புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் சற்று வேகமாக ஓடிக் கீழே தனிப் பட்டையாகத் தெரியும். புதிதாகச் சேரும் மாணவர்கள் மருந்து கொடுத்த செல்லில் அந்தப் பட்டை தடித்திருப்பதைப் பார்த்ததும், “மேடம், ஆட்டோபேஜி கூடியிருக்கு” என்று ஓடி வருவார்கள். கூடியிருக்கலாம். ஆனால் லைசோசோம் வேலை செய்யாமல் நின்றுபோயிருந்தாலும் அந்தப் பட்டை அப்படியேதான் தடிக்கும். வரிசை நீளமாக இருந்தால் கூட்டம் அதிகம் வந்திருக்கிறது என்றும் இருக்கலாம், கவுண்டர் மூடிக் கிடக்கிறது என்றும் இருக்கலாம் அல்லவா? அதனால் ஒவ்வொரு மருந்தையும் இரண்டு முறை பார்க்கச் சொல்வேன்: தனியாக ஒரு முறை, லைசோசோமை நிறுத்தும் பாஃபிலோமைசினோடு ஒரு முறை. பாஃபிலோமைசின் சேர்த்தபின் பட்டை இன்னும் தடித்தால் பை உருவாகி லைசோசோமில் சிதையும் ஓட்டம் உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். மாற்றமே இல்லையென்றால் மருந்தே வழியை அடைத்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். ஆட்டோபேஜியில் சிதைந்துபோகும் பி62 என்ற புரதத்தின் அளவையும் கூடவே பார்ப்போம்.

நுண்ணோக்கியில் வேறு தொல்லைகள். எல்சி3-இல் பச்சை, சிவப்பு இரண்டு ஒளிரும் புரதங்களை ஒட்டிவிட்டால், லைசோசோமின் அமிலத்தில் பச்சை மங்கிவிடும், சிவப்பு தங்கும். அழகான முறைதான். ஆனால் டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து தானாகவே சிவப்பு கலந்த ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அதுமட்டுமல்லாமல் அது லைசோசோமுக்குள் போய்த் தங்கவும் செய்யும். பார்க்கிற சிவப்புப் புள்ளி புரதமா மருந்தா? மருந்து மட்டும் போட்ட செல்லை ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்தப் படத்தை நம்ப எனக்கு மனம் வராது.

அப்புறம் குளோரோகுயின். லைசோசோமின் அமிலத்தன்மையைக் கெடுத்து ஆட்டோபேஜியின் கடைசிக் கட்டத்தை நிறுத்தும் பழைய மலேரியா மருந்து. 2007-இல் எலிகளின் லிம்ஃபோமாவில் (நிணநீர்ப் புற்றுநோயில்) இது சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்தின் பலனை நீட்டித்தது தெரியவந்தபோது இந்தத் துறைக்கே ஒரு வேகம் வந்தது. ஆனால் குளோரோகுயின் சேர்த்ததும் செல்கள் அதிகம் சாகின்றன என்பதை மட்டும் வைத்து, அவற்றைக் காத்தது ஆட்டோபேஜிதான் என்று சொல்லிவிட முடியாது. லைசோசோமில் சிறைப்பட்டிருந்த கீமோ மருந்து வெளியே வந்து கொன்றிருக்கலாம். ஆட்டோபேஜிக்குத் தேவையான ஏடிஜி5 அல்லது ஏடிஜி7 மரபணுவை நீக்கிய செல்லிலும் அதே பலன் வந்தால், காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும். மரபணு வழியாகவும் சரிபார்க்காத எந்த முடிவையும் எங்கள் குழுவில் எழுத விடுவதில்லை. இதில் நான் கொஞ்சம் பிடிவாதம்தான்.

இதையெல்லாம் தாண்டியும், ஆட்டோபேஜியைத் தடுப்பது எப்போதும் நல்லதா என்ற கேள்வி நிற்கிறது. ஆட்டோபேஜியைத் தொடங்க உதவும் பெக்லின் 1 மரபணுவின் ஒரு பிரதியை இழந்த எலிகளுக்குத் தானாகவே கட்டிகள் வருகின்றன என்று 2003-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆரம்பத்தில் ஆட்டோபேஜி காவல். கட்டி வளர்ந்தபின் அதே காவல் கட்டிக்கே துணையாகிவிடுகிறது. 2011-இல் வந்த இன்னொரு ஆய்வு என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது. கீமோவால் சாகும் செல்லில் ஆட்டோபேஜி நடந்தால்தான் அது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் சரியாக வெளியே விடுகிறது, அந்த ஏடிபி நோயெதிர்ப்புச் செல்களை அங்கே அழைக்கிறது. அப்படியானால் தட்டில் நல்ல பலன் தரும் தடுப்பு மருந்து, நோயெதிர்ப்பு மண்டலம் இருக்கும் உடம்பில் எதிராகவும் போகலாம். தட்டில் அந்த மண்டலமே இல்லையே.

நோயாளிகளிடம் நடந்த சோதனைகளும் நேரான பதில் தரவில்லை. முற்றிய கணையப் புற்றுநோயில் கீமோதெரபியோடு, குளோரோகுயினின் நெருங்கிய உறவான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சேர்த்த ஒரு சோதனையின் முடிவு 2019-இல் வெளிவந்தது. கட்டி சுருங்கியவர்கள் 38 சதவீதம், கீமோ மட்டும் பெற்றவர்களில் 21 சதவீதம். ஆனால் ஓர் ஆண்டு உயிரோடிருந்தவர்களின் விகிதம் கூடவில்லை. இதை வைத்து இந்த வழியே வீண் என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த மருந்து கட்டிக்குள் ஆட்டோபேஜியை எந்த அளவு நிறுத்தியது என்பதே முதலில் தெரிய வேண்டும். பல சோதனைகளில் அதை இரத்தச் செல்களில்தான் பார்த்தார்கள், ஏனென்றால் கட்டியிலிருந்து திரும்பத் திரும்பத் துண்டு எடுக்க முடியாது. எடுத்த துண்டும் ஒரு கணத்தைத்தான் காட்டும், ஓட்டத்தைக் காட்டாது. உயிருள்ள கட்டியில் அந்த ஓட்டத்தை அளக்க நம்பகமான ஒரு வழி கிடைத்தால், யாருக்குத் தடுப்பு மருந்து கொடுப்பது, கீமோவுக்கு முன்பா பின்பா, எத்தனை நாள் என்று அப்போதாவது தெளிவாகக் கேட்க முடியும்.