பூலியாவில் பண்ணை வீடு: நீச்சல்குளப் படத்தில் மயங்குவதற்கு முன்

இத்தாலியின் குதிகால் போல நீண்டிருக்கும் பூலியாவில் குடும்பத்தோடு தங்க இடம் தேடினால் மூன்று சொற்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: அக்ரிதூரிஸ்மோ, மஸ்ஸெரியா, த்ருல்லோ. மூன்றும் ஒன்றல்ல.

அக்ரிதூரிஸ்மோ என்பது சட்டம் வைத்த பெயர். 2006-ஆம் ஆண்டின் 96-ஆம் எண் சட்டப்படி விவசாயிதான் அதை நடத்த முடியும். விருந்தினரைக் கவனிப்பதைவிட விவசாய வேலையே அங்கே முதன்மையாக இருக்க வேண்டும். மஸ்ஸெரியா என்பது கட்டடத்தின் பெயர்: மதில் சூழ்ந்த பழைய பண்ணைக் கோட்டை. இன்று அவற்றில் பல சொகுசு ஹோட்டல்கள். ஸ்பா இருக்கும், கோழி இருக்காது. த்ருல்லோ, சுண்ணாம்புக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கூம்புக் கூரை போட்ட வீடு. பிள்ளைகள் ஆட்டுக்குத் தழை போட வேண்டும், மாலையில் தோட்டத்துக் காய் தட்டுக்கு வர வேண்டும் என்றால் நீங்கள் தேட வேண்டியது முதல் சொல்லை. அதிலும், பண்ணையில் இப்போது என்ன விளைகிறது, என்னென்ன விலங்குகள் உண்டு என்று எழுதிக் கேளுங்கள். உண்மையான பண்ணைக்காரர் நாலு வரியாவது பதில் எழுதுவார்.

பல இடங்களின் வாசலில் சூரியகாந்திச் சின்னம் இருக்கும். ஒன்று முதல் ஐந்து பூ வரையிலான அந்தத் தரவரிசை வசதிகளைத்தான் அளக்கிறது. சமையலின் ருசியை அல்ல. இரண்டு பூ வீட்டில் அருமையான சாப்பாடு கிடைக்கலாம். விளம்பரத்தில் சின் எனப்படும் தேசிய அடையாள எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2025 முதல் எல்லாத் தங்குமிடங்களும் அதைக் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த வீட்டைப் பார்ப்பது நல்லது.

அதிகம் பேர் ஏமாறுவது அறைக் கணக்கில்தான். பிலோகாலே என்றால் இரண்டு அறை. ஆனால் அதில் படுக்கையறை ஒன்றுதான், மற்றது கூடம். 'நான்கு பேர் தங்கலாம்' என்று போட்டிருந்தால் இருவருக்குக் கூடத்து சோபாதான் படுக்கை. தாத்தா பாட்டியும் வருகிறார்கள் என்றால் குறைந்தது த்ரிலோகாலே, அதாவது இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும் தேவை. கழிப்பறை எத்தனை, படுக்கையறையிலிருந்து வெளியே இறங்காமல் அங்கே போக முடியுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கூம்புகள் ஒட்டிக் கட்டிய த்ருல்லோவில் ஓர் அறையைக் கடந்துதான் அடுத்த அறைக்குப் போக வேண்டியிருக்கும். ஜன்னல்களும் சிறியவை. தடித்த சுவர் கோடையில் குளிர்ச்சியாக வைக்கும். மழைக்காலத்தில் ஈரவாடை அடிக்கும், கைப்பேசி சிக்னலையும் மறைக்கும். இரண்டு இரவுக்கு அது வேடிக்கை. ஒரு வாரத்துக்கு, ஐந்து பேருக்கு, நேரான சுவருள்ள பண்ணை வீடே மேல்.

அடுத்தது மின்சாரம். இத்தாலிய வீடுகளின் வழக்கமான இணைப்பு 3 கிலோவாட். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலும் மின்சார ஓவனும் மட்டுமே சேர்ந்து அதைத் தாண்டிவிடும். ஏசியும் ஓடினால் சொல்லவே வேண்டாம், மொத்த வீடும் அணையும். மின்சாரத்தை மறுபடி போட மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது என்று வந்த அன்றே, வெளிச்சத்திலேயே கேட்டு வையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஆகவே ஏசி ஒவ்வொரு படுக்கையறையிலும் இருக்கிறதா, தனிக் கட்டணமா, ஜன்னலில் கொசுவலை உண்டா என்ற மூன்றையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். குழாய் எட்டாத வீடுகளுக்கு லாரியில் வரும் தண்ணீர் தொட்டியில் இறங்கும். குளிக்க, கழுவ அது போதும். குடிக்கலாமா என்பதை வீட்டுக்காரர் வாயால் கேட்ட பிறகே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

நீச்சல்குளம் பெரும்பாலும் சூடேற்றாதது, ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் திறந்திருக்கும். ஏப்ரல் விடுமுறைக்கு அதை நம்பி அதிக வாடகை கொடுப்பது வீண். சுற்றிலும் வேலி இருக்கிறதா என்பது நடை பழகும் குழந்தை உள்ளவர்களின் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

எந்தப் பகுதி? குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு லோகோரொதோந்தோ, சிஸ்தெர்னீனோ, மார்த்தீனா ஃப்ராங்கா ஊர்கள் அமைந்த இத்ரியா பள்ளத்தாக்கு வசதி. கடற்கரைக்குச் சுமார் அரை மணி நேரக் கார்ப் பயணம், த்ருல்லோக்களுக்குப் பேர்போன அல்பெரோபெல்லோ பக்கத்திலேயே, மாத்தேரா, லெச்சே நகரங்களுக்குத் தனித்தனியே ஒரு நாளில் போய்த் திரும்பலாம். வடக்கே உள்ள கார்கானோ முனையை இதே பயணத்தில் சேர்க்காதீர்கள், ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். தெற்கே லெச்சே மாவட்டத்தில் ஆலிவ் தோப்புப் படத்தைக் கண்டு பதிவு செய்பவர்கள் படம் எந்த ஆண்டு எடுத்தது என்று கேட்க வேண்டும். 2013-இல் கல்லிப்போலி பக்கம் கண்டறியப்பட்ட சைலெல்லா நோய்க்கிருமி அங்கே லட்சக்கணக்கான மரங்களைக் காய வைத்துவிட்டது.

கார் இல்லாமல் பண்ணை வீட்டுக்குப் போகாதீர்கள். பேருந்து குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். 150 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். 'கொந்த்ராதா' (ஊர்ப்புறப் பகுதி) என்று தொடங்கும் முகவரியை நம்பி வழிகாட்டிச் செயலியில் தேடினால் யாருடைய தோப்பிலாவது போய் நிற்பீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி எத்தனை கிலோமீட்டர் மண்சாலை என்பதும் முக்கியம். ஒரு கிலோமீட்டர் சரி, மூன்று என்றால் ஒவ்வொரு பால் பாக்கெட்டுக்கும் அலுப்பாக இருக்கும். சிறு ஊர்க் கடைகள் மதியம் ஒரு மணிக்கு மூடி மாலை ஐந்து வாக்கில்தான் திறக்கும்.

காலை, இரவு உணவு சேர்ந்ததை மெட்ஸா பென்சியோனே என்பார்கள். வாரம் முழுவதற்கும் எடுக்காமல் இரண்டு மூன்று இரவுக்கு எடுப்பதே என் பரிந்துரை. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு முன் வராது, அதற்குள் சின்னதுகள் தூங்கிவிடும். சைவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. ஓரெக்கியெத்தே பாஸ்தாவை டர்னிப் கீரையோடு செய்யும்போது நெத்திலி மாதிரியான உப்பு மீனைக் கரைத்துச் சேர்ப்பது அங்கே வழக்கம். மீன், பன்றிக்கொழுப்பு இரண்டையும் பெயர் சொல்லி விலக்குங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைப்பது. அதையும் தவிர்ப்பவர்கள் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். மசித்த உலர் ஃபாவாப் பயறும் (மொச்சை மாதிரி இருக்கும்) காட்டுச் சிக்கோரிக் கீரையும் சேர்ந்த ஃபாவே எ சிகோரியா, கஷ்டமில்லாமல் கிடைக்கும் சைவ உணவு. நம் பருப்புக் கடைசலை நினைவூட்டும்.

ஆகஸ்டில் பல இடங்கள் சனி முதல் சனி வரை ஒரு வாரத்துக்குத்தான் கொடுக்கும். 15-ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ விடுமுறை, இத்தாலியே கடற்கரையில் இருக்கும். ஜூன் முதல் பாதி அல்லது செப்டம்பர் கிடைத்தால் யோசிக்காமல் பிடியுங்கள். முன்பணம் கட்டும்போது ரசீதில் 'கப்பார்ரா கொன்ஃபிர்மத்தோரியா' என்று இருந்தால், நீங்கள் ஒப்பந்தத்தை முறித்தால் பணம் போகும். அவர்கள் முறித்தால் இரட்டிப்பாகத் திரும்பக் கேட்கலாம். 'அக்கொந்தோ' என்றால் வெறும் பகுதிப்பணம், அந்தப் பாதுகாப்பு இல்லை.

தங்கும் வரி தனி, ஊராட்சிக்கு ஊராட்சி மாறும்; ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கிட்டு அங்கேயே வாங்குவார்கள், சிறுவர்களுக்கு விலக்கு இருக்கலாம். சில்லறையாக யூரோ வைத்திருங்கள். வந்த உடனே குழந்தைகள் உட்பட எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். விவரங்களை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அனுப்புவது அவர்களின் சட்டக் கடமை, பதற வேண்டாம்.