கமலாவுக்கு முன்னால் கனகா

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் கோவிலின் தைப்பூசக் காவடிப் பட்டியலை நோட்டிலிருந்து கணினிக்கு மாற்றுவதற்காக, பைத்தான் நிரல்மொழியிலும், அதில் சாளரங்கள் அமைக்க உதவும் பைசைடு 6-இலும் ஒரு சிறு செயலி எழுதி வருகிறேன். சாளரமும் அட்டவணையும் ‘சேர்’ பொத்தானும் ஒரே மாலையில் முடிந்தன. அகரவரிசைக்கு மட்டும் மூன்று வாரங்கள் பிடித்தன. நேற்றிரவுதான் அது சரியாக வந்தது.

பிழையைக் கண்டுபிடித்தவர், இத்தனை ஆண்டுகளாக நோட்டை எழுதி வரும் என் பெரியப்பா. திரையில் விரலை வைத்து, “கமலாவுக்கு முன்னால் கனகா எப்படியப்பா வரும்?” என்று கேட்டார். கணினி, எழுத்துகளுக்கு யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை தரும் எண்களின்படியே வரிசைப்படுத்துகிறது. அதில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கும் முன்பாகவே இருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது பதினெட்டாவது மெய், கடைசி எழுத்து. புள்ளிக்கும் இதே கதிதான்: அது மெய்களுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால், வள்ளிக்கு முன்னால் வளர்மதி வந்துவிடுகிறார்.

ஆகவே, அட்டவணையை வரிசைப்படுத்தும் பிராக்ஸி மாடலில், இரண்டு பெயர்களில் எது முன்னால் வரும் என்று முடிவு செய்யும் ‘லெஸ்தேன்’ செயற்கூற்றை நானே எழுதினேன். பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொரு மெய்க்கும் அதன் குறிக்கும் தனித்தனி எண் கொடுத்தேன்: புள்ளிக்கு 0, குறி ஏதும் இல்லாத அகரத்துக்கு 1, காலுக்கு 2 என்று ஔகாரம் வரை. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றை னகரத்துக்குப் பின்னால் வைத்தேன். அகராதிக்கு அதுவே முறை என்பது என் உறுதியான கருத்து.

அதன் பிறகும் கோவிந்தன் என்ற பெயர் இரண்டு இடங்களில் பிரிந்து நின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றில் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும், மற்றொன்றில் இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதிவாகியிருந்ததை, குறியீட்டு எண்களைப் பதினாறடிமானத்தில் அச்சிட்டுப் பார்த்தபோதுதான் கண்டுகொண்டேன். பெயரைச் சேமிக்குமுன், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றும் ஒரே வரி அதைத் தீர்த்தது. பெயர்களைப் பலர் பல விசைப்பலகைகளில் தட்டுவதால், இந்த வரியை நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழையே வைத்துக்கொண்டேன்; இலவசம், சிறிய அளவிலும் தெளிவாக இருக்கிறது. அடுத்து, அடையாள அட்டையில் உள்ள பிரெஞ்சு எழுத்துக்கூட்டலுக்கு அட்டவணையில் ஒரு பத்தியும், பிடிஎஃப் அச்சும் சேர்க்க வேண்டும். ‘நீக்கு’ பொத்தானை இன்னும் எதனுடனும் இணைக்கவில்லை. ஆனால் பெரியப்பா இன்று காலை பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, நோட்டை மூடி அலமாரியில் வைத்தார்.