அம்பு விழுந்தது, பதில் போகவில்லை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சன்டைசராக, அதாவது ஆர்டர் முடியும்வரை வாங்குகிறவருக்கும் ஆலைக்கும் நடுவில் பேசுகிறவளாக இருக்கிறேன். துணியோடும் நூலோடும் வேலை என்றுதான் வெளியில் சொல்வோம். உண்மையில் பாதி நாள் மெயிலில்தான் போகிறது. லேப் டிப் (நிறம் சரியா என்று பார்க்கச் சாயமேற்றிய சிறு துணித் துண்டு) ஓகே ஆனதா, சாம்பிள் எப்போது வரும், அட்டைப்பெட்டியில் என்ன எழுதுவது என்று ஒரு ஸ்டைல், அதாவது ஓர் ஆடை வடிவம், கப்பல் ஏறுவதற்குள் மெயில்கள் மலையாகக் குவிந்துவிடும்.

2011-ல் நடந்தது இது. அந்த ஜனவரியில்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாய ஆலைகள் மூடப்பட்டிருந்தன. வெளியூரில் கெஞ்சி நாள் வாங்கித்தான் துணியை டையிங்குக்கு அனுப்புவோம். அந்த நாள் போனால் அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட நேரத்தில் பையரிடமிருந்து, அதாவது ஆடை வாங்கும் நிறுவனத்திடமிருந்து, ஒரு மெயில் வந்தது. நேவி ஷேடு சரி. மெரூனை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்கி மறுபடி அனுப்புங்கள், என்றைக்கு வரும். அப்புறம் ஹேங் டேக் (ஆடையில் தொங்கவிடும் அட்டை) அளவு என்ன? நான் அன்று விடுப்பில் இருந்தேன். உடன் வேலை பார்த்த தம்பி, டேக் அளவை மட்டும் எழுதி, மற்றதை நாளை சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டான். நாங்கள் மெயில் பார்க்கும் தண்டர்பேர்ட் நிரலில் அந்த மெயிலின் பக்கத்தில் வளைந்த அம்புக்குறி விழுந்தது.

வேலைக்குத் திரும்பியதும் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். தடித்த எழுத்தில் இருந்தால் படிக்காதது, அம்பு இல்லாவிட்டால் பதில் எழுதாதது. கண் அப்படித்தான் பழகியிருந்தது. ஒரு வார்த்தை கேட்டும் பார்த்தேன். “பதில் போயிருச்சுங்கக்கா, அம்பு இருக்குது பாருங்க” என்றான். பொய் இல்லை. ஆறு நாள் கழித்துப் பையர் நினைவூட்டியபோதுதான் மெரூன் யார் கையிலும் இல்லை என்று தெரிந்தது. டையிங் நாள் போய்விட்டது. மெரூன் பீஸ்களை மட்டும் விமானத்தில் அனுப்பினோம், செலவு எங்கள் தலையில். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த அம்பை நம்பியவள் நானும்தான்.

ஏன் அவ்வளவு நம்பினோம் என்று பிறகு யோசித்தேன். முன்பு ஒரே முகவரிக்கு வரும் மெயிலை இருவரும் பாப் (POP) முறையில் அவரவர் கணினிக்குத் தனித்தனியாக இறக்கிக்கொள்வோம். படித்தது, பதில் எழுதியது எல்லாம் அவரவர் கணினியில்தான் தெரியும். ஒருமுறை ஒரே மெயிலுக்கு இருவரும் வெவ்வேறு தேதி சொல்லிப் பதில் போட்டிருக்கிறோம். அந்தச் சங்கடத்துக்குப் பிறகு, சர்வரில் இருக்கும் ஒரே பெட்டியை இருவரும் பார்க்கும் ஐமேப் (IMAP) முறைக்கு மாறினோம். அதில் இந்தக் குறிகள் சர்வரிலேயே இருக்கும். அவன் படித்தால் எனக்கும் தெரியும். அதனால்தான் அம்பு மேல் அத்தனை நம்பிக்கை.

ஆனால் அம்பை விழவைப்பது சர்வர் அல்ல. மெயில் வெளியே போகிற வழி வேறு, பெட்டி இருக்கிற இடம் வேறு. பதிலை அனுப்பி முடித்ததும் நம் மெயில் நிரல்தான் சர்வரிடம் “இதற்குப் பதில் போய்விட்டது” என்று சொல்லிக் குறி போட வைக்கிறது. பதிலில் என்ன எழுதினோம் என்று அது பார்ப்பதில்லை. “பார்த்துச் சொல்கிறோம்” என்று இரண்டு வார்த்தை போனாலும் அதே அம்புதான். பதில் பொத்தானை விட்டுவிட்டுப் புது மெயிலாக அடித்தால், முழுப் பதிலே எழுதியிருந்தாலும் அம்பு விழாது.

எனவே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். திறந்தவுடனே படித்ததாகக் காட்டுவதை நிறுத்தி, ஐந்து வினாடி கழித்து என்று மாற்றினோம். எட்டிப் பார்த்த மெயிலெல்லாம் படித்த மெயிலாகிவிடக் கூடாதல்லவா? மெயில் பக்கத்தில் நாமே போடும் நட்சத்திரக் குறிக்கு ஒரே அர்த்தம் வைத்தோம்: இதில் பையருக்கு நாம் இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது. அம்பு இருந்தாலும் நட்சத்திரம் இருக்கலாம். கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் விடை போன பிறகுதான் அதை எடுக்க வேண்டும். நாம் கேட்டு அவர்கள் சொல்லாமல் இருப்பதற்கு எண் 5-ஐ அழுத்தினால் விழும் ‘பிறகு’ என்ற குறிச்சொல். பதில்களை, அவை எந்த மெயிலுக்கோ அதே கோப்புறையில் சேமிக்கும்படி வைத்தோம். இந்தக் கடைசி மாற்றம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கேள்வியும் நம் பதிலும் அடுத்தடுத்து நிற்கும்போது, பாதிப் பதில் உடனே கண்ணில் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. புது ஸ்டைலுக்குப் பழைய மெயிலை எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றிப் பதில் போடுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். எந்த மெயிலுக்குப் பதில் என்ற அடையாளம் உள்ளே அப்படியே இருப்பதால், தண்டர்பேர்ட் அதைப் பழைய மெயில் தொடரின் அடியில் கொண்டுபோய்ச் சொருகிவிடும். தேடி அலைய வேண்டும். புதிய விஷயத்துக்குப் புது மெயில் என்று புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

தினமும் கிளம்பும் முன் நட்சத்திரம் போட்டதை மட்டும் வடிகட்டிப் பார்ப்பேன். நேற்று நான்கு இருந்தன. மூன்றுக்கு முழுப் பதில் போனது. நான்காவது ஜிப் நிறம் பற்றியது. சப்ளை செய்கிறவர் காலை பத்து மணிக்குச் சொல்கிறேன் என்றார். பையருக்கும் அப்படியே எழுதினேன். அம்பு விழுந்தது. நட்சத்திரத்தை எடுக்காமல் வீட்டுக்குக் கிளம்பினேன்.