ஸ்லைடு ரோலை இப்ப எங்க கழுவுறது?

பிலிம் கேமரா மேல ஆசைப்பட்டு வர்ற பசங்க எங்கிட்ட கேக்குற முதல் கேள்வி இதுதான். நெகட்டிவ் ரோல்னா கவலை இல்ல, சி-41ங்கிற கலர் நெகட்டிவ் முறையில கழுவி ஸ்கேன் பண்ணிக் குடுக்குற ஆளுங்க சென்னையில இன்னும் இருக்காங்க, கறுப்பு வெள்ளைன்னா வீட்டு பாத்ரூம்லயே பார்த்துக்கலாம். ஸ்லைடுன்னு, அதாவது பிலிம்லயே நேரா கலர் படமா தெரியுற ரோல்னு, சொன்னதும்தான் கடைக்காரர் கையை விரிக்கிறாரு, "ஈ-6 ஆ சார், அதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு, வேணும்னா வெளியூருக்கு அனுப்பி வாங்கித் தர்றோம், எப்ப வரும்னு மட்டும் கேக்காதீங்க." ஈ-6ங்கிறது ஸ்லைடு கழுவுற முறை, நான் தொண்ணூறுகள்ல மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கலர் லேப்ல ஈ-6 செக்‌ஷன்ல வேலை பார்த்தவன். காலையில குடுத்த ரோலை சாயங்காலம் சின்னச் சட்டத்துல மவுண்ட் போட்டு வாங்கிட்டுப் போன ஊரு இது. அதான் இந்த பதிலைக் கேக்கும்போதெல்லாம் மனசு ஒரு மாதிரி ஆயிடுது.

மெஷின் இல்லாததாலதான் இப்படி ஆச்சுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. மெஷின் ஒரு காரணமே இல்ல. தினம் ரோல் வராதது ஒரு காரணம், வந்த ரோலைப் பார்த்து என்ன கோளாறுன்னு சொல்ற கண்ணு இல்லாம போனது இன்னொண்ணு. இதை நான் உள்ள இருந்து பார்த்தேன்.

நெகட்டிவ்ல போட்டோகிராபர் ஒரு ஸ்டாப் ரெண்டு ஸ்டாப் ஓவரா, அதாவது வெளிச்சம் ரெண்டு மடங்கு நாலு மடங்கு கூடுதலா, எடுத்திருந்தாலும் பிரிண்ட் போடுறவர் கலரையும் டென்சிட்டியையும் தட்டி சரி பண்ணிடுவாரு. ஸ்லைடுல அந்த ரெண்டாவது வாய்ப்பே கிடையாது. கேமராக்குள்ள போன அதே பிலிம்தான் கடைசியில அடியில லைட் எரியுற லைட் பாக்ஸ் மேல வந்து உக்காரும், அரை ஸ்டாப் தப்பினாலே முகம் வெளுத்துடும் இல்லன்னா நிழலெல்லாம் கரியா போயிடும். அதனால கழுவுறவன் பொறுப்பு படம் எடுத்தவன் பொறுப்புக்கு சமம். ஆறு பாத், அதாவது ஆறு கெமிக்கல் குளியல், அதுல ஃபர்ஸ்ட் டெவலப்பர்தான் உயிர், 38 டிகிரி, 6 நிமிஷம், டெம்பரேச்சர் 0.3 டிகிரிக்கு மேல நகரக்கூடாது. அது முடிஞ்சு தண்ணி, ரிவர்சல் பாத், அது வரைக்கும் கும்மிருட்டு, அப்புறம் கலர் டெவலப்பர் 6 நிமிஷம், ப்ரீ-பிளீச், பிளீச், ஃபிக்சர், கடைசி தண்ணி, ஃபைனல் ரின்ஸ், எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. ஃபர்ஸ்ட் டெவலப்பர்ல நேரம் குறைஞ்சா ஸ்லைடு இருட்டா வரும், கூடினா வெளுத்து வரும், புஷ் பண்ணச் சொல்லி, அதாவது கம்மி வெளிச்சத்துல எடுத்ததைத் தூக்கிக் கழுவச் சொல்லி, வர்ற ரோலுக்கு இந்த ஒரு பாத்துல மட்டும்தான் நேரத்தை ஏத்துவோம்.

தண்ணியிலேர்ந்து வெளிய எடுக்கும்போது ஸ்லைடு பிலிம் பால் கலந்த மாதிரி மங்கலா இருக்கும். புதுசா வர்ற ஹெல்ப்பர் பசங்க எல்லாருமே பதறுவாங்க, "அண்ணே, போச்சுண்ணே, மொத்தமும் போச்சு"ன்னு. எங்க சீனியர், நாங்க அண்ணேன்னுதான் கூப்பிடுவோம், ஒண்ணும் சொல்ல மாட்டாரு, டிரையிங் கேபினெட் கதவைத் திறந்து காட்டுவாரு, அதுக்குள்ள காய காய அந்த மங்கல் விலகி கலர் மேல ஏறி வரும். ஈரமான ஸ்லைடைப் பார்த்து முடிவு சொல்லாதேங்கிறது அவர் எனக்குச் சொல்லிக் குடுத்த முதல் பாடம். ரெண்டாவது பாடம் கிளிப் டெஸ்ட். முக்கியமான ரோல்னா இருட்டுலயே தடவிப் பார்த்து முனையில கொஞ்சம் வெட்டி அதை மட்டும் முதல்ல கழுவுவோம், அது காஞ்சதும் லூப்ங்கிற பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்துட்டு மிச்சத்தை நார்மலா விடுறதா, கால் ஸ்டாப் புஷ்ஷான்னு அவர் சொல்லுவாரு. கன்ட்ரோல் ஸ்ட்ரிப்ங்கிற, ஏற்கனவே அளவா வெளிச்சம் காட்டின சோதனைத் துண்டை தினம் காலையில ஓட்டி, கருமையை அளக்குற டென்சிட்டோமீட்டர்ல ரீடிங் எடுத்து சார்ட்ல புள்ளி வைப்போம், ஆனா சார்ட்ல புள்ளி நகர்றதுக்கு முந்தியே அவரு லைட் பாக்ஸ்ல ஸ்லைடைப் பார்த்துட்டு "வெள்ளையில லேசா பச்சை ஏறுது பாரு, கலர் டெவலப்பரைக் கவனி"ம்பாரு. எனக்கு அந்தப் பச்சை தெரிய ஆரம்பிக்கவே வருஷக் கணக்குல ஆச்சு.

அப்ப எங்களுக்கு வந்த வேலையெல்லாம் அச்சுக்குப் போற வேலை. டிரம் ஸ்கேனர்ல ஏத்தி அச்சுக்கு நிறம் நிறமா பிரிக்கிற கலர் செபரேஷன் எடுக்க ஸ்லைடுதான் கேப்பாங்க. தி.நகர் பட்டுக்கடை கேட்டலாக், ஆடித் தள்ளுபடி விளம்பரம், நகைக்கடை வேலை, தீபாவளி மலர் அட்டைப் படம், சிவகாசிக்குப் போற காலண்டர் படம், டாக்டர்களோட கான்ஃபரன்ஸ் ஸ்லைடு, கோயில் சிற்பத்தையெல்லாம் வரிசையா எடுத்துட்டு வர்ற ஆராய்ச்சிக்காரங்க. இதுல பட்டுப்புடவைதான் ரொம்ப சோதிக்கும். அரக்கு கலர் பட்டு, பார்டர்ல ஜரிகை, கிளையன்ட் புடவையையே கையில எடுத்துட்டு வந்து லைட் பாக்ஸ் பக்கத்துல விரிச்சு வச்சு, "சார், என் புடவை இவ்ளோ சிவப்பு இல்ல சார்"னு நிப்பாரு. வெல்வியாங்கிற ஸ்லைடு ரோல்ல எடுத்திருந்தா சிவப்பு அள்ளிட்டுப் போகும், 1990ல வந்த பிலிம் அது, 50 ஐஎஸ்ஓ, இயற்கைக் காட்சிக்கு அதை மிஞ்ச ஆளில்ல, புடவைக்கு ப்ரோவியாங்கிற பிலிம்தான் சரி. ஆனா பிலிம் சரியா இருந்தும் அரக்கு மாறி வந்தா அது எங்க கெமிக்கல் சொல்ற சேதி. அன்னிக்கே டேங்கைப் பார்க்கணும், அடுத்த ரோலை இறக்கக் கூடாது.

டேங்க்னு சொன்னேன் இல்ல, விஷயம் இதுலதான் இருக்கு. லேப்ல கெமிக்கலை ஒவ்வொரு தடவையும் கொட்டிட்டு புதுசு ஊத்த மாட்டாங்க. ஒவ்வொரு ரோல் போகும்போதும் அளவா கொஞ்சம் புது கெமிக்கல் உள்ள விழும், பழசு அந்த அளவுக்கு வழிஞ்சு வெளிய போகும், அப்படித்தான் டேங்க் ஒரே நிலையில நிக்கும். இறைக்கிற கிணறுதான் ஊறும்னு சொல்ற மாதிரிதான். நாள் பூரா ரோல் ஓடிச்சுன்னா டெவலப்பர் ஃபிரெஷ்ஷா இருக்கும். ரோல் குறைஞ்சா டெவலப்பர் சும்மா கிடந்து காத்து பட்டு ஆக்சிடைஸ் ஆகும், பிளீச்சுக்கு மட்டும் நேர்மாறா காத்து ஊதிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா பிலிம்ல படம் பிடிக்கிற வெள்ளி முழுசா கரையாம பிலிம்லயே தங்கி ஸ்லைடு அழுக்கா தெரியும். ஹீட்டரையும் பம்பையும் ரோல் இருந்தாலும் இல்லாட்டியும் ஓட்டித்தான் ஆகணும், கரண்ட் பில்லு அதே கரண்ட் பில்லு.

2000 தாண்டினதும் விளம்பர ஸ்டூடியோக்கள் ஒண்ணொண்ணா டிஜிட்டலுக்குப் போச்சு. ஷூட் நடக்கும்போதே ஸ்கிரீன்ல படம் தெரியுது, கிளையன்ட் அங்கயே ஓகே சொல்லிடுறாரு, அப்புறம் யாரு சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பா, அவங்களைக் குறை சொல்ல முடியாது. எங்க லேப்ல தினம் ஓடின லைன் முதல்ல வாரத்துக்கு மூணு நாள்னு ஆச்சு, அப்புறம் சனிக்கிழமை மட்டும். சனிக்கிழமை வரைக்கும் டேங்க் சும்மா கிடக்கும், ஸ்லைடுல பச்சை ஏறும், பார்த்த போட்டோகிராபருக்கு நம்பிக்கை போகும், அடுத்த ரோலை அவர் குடுக்க மாட்டாரு, ரோல் இன்னும் குறையும். கடைசியில ஒருநாள் டேங்கைக் காலி பண்ணிட்டாங்க. மெஷின் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு, அதை இரும்பு விலைக்குப் போட்டாங்க. ஃபிக்சர்ல இறங்குற வெள்ளியை எடுக்க சௌகார்பேட்டையிலேர்ந்து வருஷக் கணக்கா வந்துட்டிருந்தவரு கடைசி டின்னையும் எடுத்துட்டு, "அடுத்த மாசம் எப்ப சார் வரட்டும்?"னு கேட்டாரு, அவருக்கு யாரும் சொல்லல போல.

வெளி உலகத்துலயும் அதே காலத்துலதான் ஒண்ணொண்ணா நின்னுச்சு. 2004ல கோடாக் ஸ்லைடு ப்ரொஜெக்டர் செய்றதை நிறுத்துச்சு, 2009ல கோடாக்ரோம் ஸ்லைடு பிலிமை, 2012ல கம்பெனியே திவால் மனு போட்டுட்டு எக்டாக்ரோம் ஸ்லைடு பிலிமையும் நிறுத்துச்சு. ஆனா கோடாக்ரோமும் எக்டாக்ரோமும் ஒண்ணு இல்ல, பசங்க இதைக் குழப்பிக்கிறாங்க. கோடாக்ரோம்ல கலர் உண்டாக்குற சரக்கு பிலிம்லயே கிடையாது, கழுவும்போதுதான் சேர்க்கணும், அதுக்கு தனி மெஷின், அமெரிக்காவுல கேன்சஸ்ல இருந்த கடைசி லேப் 2010 டிசம்பர் கடைசியில ரோல் வாங்குறதை நிறுத்தினதோட அது முடிஞ்சுது. எக்டாக்ரோம் கழுவுற ஈ-6 அப்படி இல்ல, சரக்கெல்லாம் பிலிம்லயே இருக்கு, நாம வெளியிலேர்ந்து கெமிக்கலையும் சூட்டையும் நேரத்தையும் குடுத்தா போதும். 1976ல வந்த ப்ராசஸ், இன்னிக்கும் அதேதான். எக்டாக்ரோம் 2018ல திரும்பி வந்துடுச்சு, கழுவ இடம்தான் திரும்பி வரல.

சினிமா ஊர்ல இருந்துக்கிட்டு லேப் இல்லையான்னு சில பேர் கேக்குறாங்க. கோடம்பாக்கம், சாலிகிராமம் லேபெல்லாம் மைல் கணக்குல பிலிம் கழுவின இடம்தான், ஆனா அது சினிமா நெகட்டிவ், பின்னாடி கரி பூசியிருந்துச்சு, அந்தக் கெமிக்கலே வேற, ஈ-6க்கு அது உதவாது, அதுவும் படமெல்லாம் டிஜிட்டலுக்குப் போனப்ப அடங்கிடுச்சு. நம்ம ஊட்டியில "இந்து"ங்கிற பேர்ல பிலிம் செஞ்ச ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பேரையும் சொல்லுவாங்க, அது கறுப்பு வெள்ளைக்குப் பேர் போன ஃபேக்டரி, அதுவும் மூடியாச்சு.

வெளியூருக்கு அனுப்புறது ஒரு வழி, தப்பில்ல, ஆனா எடுத்த ரோல் மே மாசம் கூரியர் வண்டியில வெந்துக்கிட்டு கிடக்கிறதை நினைச்சா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. எடுத்து முடிச்ச ரோலை டப்பால போட்டு மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க, அதிகம் சேர்த்து வைக்காதீங்க. ஃபிளைட்ல எடுத்துட்டுப் போறவங்க செக்-இன் லக்கேஜ்ல போடவே கூடாது, கையில வச்சுக்கிட்டு கையாலயே செக் பண்ணச் சொல்லிக் கேளுங்க, ஸ்கேனர் பிலிமை மூடு பனி போட்ட மாதிரி ஆக்கிடும். திரும்பி வந்த ஸ்லைடுக்கு நம்ம ஊர் புழுக்கத்துல பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட காத்துப் புகாத டப்பாவுல வைக்கணும்.

இன்னொரு வழி நாமளே கழுவுறது. இதுல சென்னைக்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு, யாரும் யோசிக்கிறதில்ல. கறுப்பு வெள்ளைக்கு 20 டிகிரி வேணும், இங்க ஐஸ் போட்டு இறக்கணும். ஈ-6க்கு 38, நம்ம வீட்டு தண்ணியே பாதி வழி வந்து நிக்குது, மே மாச மத்தியானம் மொட்டைமாடி டேங்க் தண்ணி சில நாள் அதையும் தாண்டிடும். மூணு பாத்துல முடிக்கிற கிட் வருது, லேப் ஆறு பாத் அளவுக்கு சுத்தமா இருக்காது, ஆனா நல்ல ஸ்லைடு வரும், நான் கையில வச்சுப் பார்த்துட்டேன். போர் தண்ணியில கலக்காதீங்க, உப்புத் தண்ணி, ஆர்ஓ இல்லன்னா டிஸ்டில்டு வாட்டர். பெரிய டப்ல சுடுதண்ணி வச்சு பாட்டிலெல்லாம் அதுக்குள்ள நிக்கணும், தெர்மாமீட்டர் மட்டும் நல்லதா வாங்குங்க. ஜன்னல் எல்லாம் திறந்து வைங்க, கையில கிளவுஸ் கட்டாயம், சமைக்கிற பாத்திரம் எதையும் தொடக்கூடாது.

ஒரு லிட்டர் கிட்ல சுமாரா பத்து ரோல் போகும், கலக்கினா ரொம்ப நாள் தாங்காது. ஒருத்தரால பத்து ரோல் சேர்த்து எடுக்கவும் முடியாது, அதனால நாங்க கொஞ்சம் பேர் சேர்ந்திருக்கோம், மயிலாப்பூர் அறுபத்துமூவர் முடிஞ்சதும் எல்லாரும் ரோலைக் கொண்டு வந்து ஒரே நாள்ல கழுவுறதுன்னு. தேரைப் படம் எடுக்குற கூட்டத்துல ஸ்லைடு போட்டவங்க அஞ்சாறு பேர் இருந்தாலே கிட் நிறைஞ்சுடும். கன்ட்ரோல் ஸ்ட்ரிப் இல்லாததால ஒரே வெளிச்சத்துல ஒரே கிரே கார்டை, அதாவது சாம்பல் நிற அட்டையை, எடுத்த ரோல் ஒண்ணை முதல்ல வெட்டி விட்டுப் பார்க்கப் போறோம். ஃபிரிட்ஜ்ல ரோல் கிடக்கிறவங்க பங்குனிக்கு முன்னாடி சொல்லிடுங்க, கிட் ஒண்ணு போதுமா ரெண்டு வாங்கணுமான்னு கணக்கு பார்க்கணும்.