பைபாஸுக்குப் பின் வந்த வயிற்று வலியும் ஒரு சி.டி. ஸ்கேனும்

கேஸ்ட்ரிக் பைபாஸ் (இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் எடைக்குறைப்பு ஆபரேஷன்; மீதிப் பெரிய இரைப்பை உணவு போகாமல் உள்ளேயே இருக்கும்) செய்து எடை நன்றாக இறங்கி, சுகர் மாத்திரையும் நின்ற பிறகுதான் எனக்கு அந்த வலி தொடங்கியது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தொப்புளுக்கு மேலே இடப்பக்கமாகச் சுருட்டிப் பிடிக்கும், முதுகு வரை போகும். பிறகு தானாகவே விட்டுவிடும். வாயு என்றார்கள்.

அல்ட்ராசவுண்டில் பித்தப்பைக் கற்கள் தெரிந்தன. எடை வேகமாகக் குறைபவர்களுக்கு அது அடிக்கடி வருவதுதான். காரணம் கிடைத்துவிட்டதென்று பித்தப்பையை எடுக்கும் பேச்சு வந்தது. எண்டோஸ்கோபியும் சுத்தமாக இருந்தது. ஆனால் அந்தக் குழாய் புதிய சின்ன இரைப்பையையும் அதையடுத்த குடலில் கொஞ்ச தூரத்தையும்தான் பார்க்கும். எனக்கு ஆபரேஷன் செய்த சர்ஜனுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "வலி இருக்கும்போதே சி.டி. எடுக்கணும்மா. விட்டப்புறம் எடுத்தா ஒண்ணும் தெரியாமப் போகலாம்" என்றார்.

அவர் பயந்தது உள்குடலிறக்கத்துக்கு. பைபாஸில் சிறுகுடலை வெட்டி இடம் மாற்றி இணைக்கும்போது, குடலைத் தாங்கும் சவ்வில் இடைவெளிகள் உண்டாகின்றன. எடை குறையக் குறைய அந்தச் சவ்விலுள்ள கொழுப்பும் கரைந்து இடைவெளி பெரிதாகும். குடல் அதில் நுழைந்து முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுபோகலாம். மாதங்கள், வருடங்கள் கழித்தும் இது வரும்.

அடுத்த முறை வலி வந்தபோது இரவோடு இரவாக எமர்ஜென்சிக்குப் போனோம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துவிட்டு, ஸ்கேனில் குடல் தெளிவாகத் தெரிவதற்காகத் தண்ணீரில் கரைத்த அயோடின் மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். இதேபோலக் குடிக்கக் கொடுக்கும் இன்னொரு மருந்தான பேரியம், எங்காவது ஓட்டை இருந்து வயிற்றறைக்குள் கசிந்தால் கடுமையான அழற்சி உண்டாகும் என்பதால் பேரியம் தரவில்லை. மடக்கென்று குடிக்க என் இரைப்பையில் இடமில்லை. டெக்னீஷியன் தம்பியிடம் சொன்னேன், மிடறு மிடறாகக் குடிக்க நேரம் கொடுத்தார். ஊசி வழியாக இன்னொரு மருந்து ஏறியபோது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவியது. சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும், பயப்பட வேண்டாம். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று குரல் வரும்போது அசையாமல் இருந்தால் போதும்.

ரேடியாலஜிஸ்ட் வெளியே வந்து என் கணவரிடம் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டார். குடலைப் பெருங்குடலுக்கு முன்னால் கொண்டுபோனார்களா, பின்னாலா? இடைவெளிகளைத் தைத்தார்களா? அது தெரிந்தால் எந்த இடத்தைத் தேடுவதென்று தெரியும். குடித்த மருந்து பழைய பெரிய இரைப்பைக்குள் போகாமலிருப்பதுதான் எங்களுக்குச் சரி. போனால் சின்ன இரைப்பைக்கும் அதற்கும் நடுவே புதுவழி திறந்திருக்கலாம். இதையெல்லாம் பைபாஸ் என்று தெரிந்து பார்க்கும் கண்தான் பார்க்கும். "வயிற்று வலி" என்று மட்டும் எழுதிய சீட்டோடு போகாதீர்கள்.

ரத்தக்குழாய்கள் துணியைப் பிழிவதுபோல முறுக்கிக் கிடந்ததைத் திரையில் காட்டினார். அன்றே லேப்ராஸ்கோபியில் (வயிற்றில் சின்னத் துளைகளிட்டு கேமரா வழியாகச் செய்யும் ஆபரேஷன்) குடலை விடுவித்து இடைவெளிகளைத் தைத்தார்கள். குடல் கருக்கவில்லை, வெட்ட வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் சர்ஜன் அழுத்திச் சொன்னார்: சி.டி. நார்மல் என்று வந்தாலும் வலி திரும்பத் திரும்ப வந்தால் லேப்ராஸ்கோபி கேமரா போட்டு உள்ளே பார்த்தே ஆக வேண்டும், சில நேரம் ஸ்கேனிலும் இது தப்பிவிடும். பித்தப்பையைப் பற்றி அடுத்த செக்கப்பில் முடிவு செய்யப் போகிறோம்.