முதுகுக் கூண்டு இல்லாத லங்காஸ்டர்

மூன்று வாரமாக மேசையை அடைத்துக்கொண்டிருக்கிறது லங்காஸ்டர் — இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் ஒட்டிச் செய்யும் மாதிரி. 1/72 அளவு; இறக்கை நுனிக்கு நுனி 43 சென்டிமீட்டர். பெட்டியில் வந்தபடியே ஒட்டியிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே! 1943 மே 16 இரவு ஜெர்மனியின் ரூர் அணைகளைத் தாக்கக் கிளம்பிய 617-ஆவது படைப்பிரிவின் விமானமாக அதை மாற்றுகிறேன்.

அந்த 19 விமானங்களிலும் முதுகில் இருந்த துப்பாக்கிக் கூண்டை அகற்றியிருந்தார்கள். நானும் அகற்றினேன். ஓட்டையைப் பிளாஸ்டிக் தகட்டால் மூடி, புட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து... நான்கு முறை. ஒவ்வொரு முறையும் பிரைமர் அடித்ததும் பள்ளம் பல்லைக் காட்டியது. தேய்த்ததில் அழிந்த, விமான உடலின் இணைப்புக் கோடுகளை மறுபடி கீறுவது தனித் தண்டனை.

வயிற்றில் குண்டறைக் கதவுகள் கிடையாது. இரு கவைகளுக்கு நடுவே பீப்பாய் போன்ற குண்டு. பிரிட்டிஷ் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸின் யோசனை. நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று பின்னோக்கிச் சுழலவிட்டுப் போட்டால், நீரில் தத்தித் தத்திப் போய் அணைச்சுவரை ஒட்டி மூழ்கி வெடிக்கும். குளத்தில் சில்லு எறிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

குண்டு போடவேண்டிய உயரம் 60 அடி. என் அளவில் 25 சென்டிமீட்டர்தான்! அடிக்கோலை நிறுத்தி, விமானத்தை அதனருகே பிடித்துப் பார்த்தேன். இருட்டில், நீருக்கு இவ்வளவு பக்கத்தில், ஏழு பேர். எட்டு விமானங்கள் திரும்பவில்லை; 53 பேர் இறந்தனர். கீழே வெள்ளம் கொண்டுபோனது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை. அவர்களில் பலர் கட்டாய உழைப்புக்குப் பிடித்துவரப்பட்டவர்கள்.

நாளை கறுப்பு வண்ணம். விமானத்தின் மூக்குப் பகுதிக் கண்ணாடியில் பசையோடு என் விரல்ரேகை பதிந்திருக்கிறது. யாரும் உற்றுப் பார்க்காதீர்கள்.